மல்லாந்த சிங்கம்

ஜீவனஹள்ளியில் நான் வேலை பார்த்த கடையில் கட்சிக்கொடிதான் அதிகம் தைப்போம். எல்லாம் கம்பத்தில் பக்கவாட்டில் கட்டுகிற கொடி. ஒரு தடவை ஜெர்மனியில் ஏதோ ஒரு மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள் என்று அந்த மாவட்டக் கொடிக்கு ஆர்டர் வந்தது. மஞ்சள் துணி, நடுவில் கேடயம், அதற்குள் பின்னங்காலில் நிற்கிற கறுப்புச் சிங்கம்.

ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பிய படத்தில் கொடி கதவுத்திரை மாதிரி நீளவாக்கில் தொங்கியது. முதலாளியிடம் சொன்னேன்.

"சார், இது மேலேர்ந்து தொங்கவிடுற கொடி. நம்ம வழக்கப்படி தைச்சா சிங்கம் படுத்துக்கும்."

"இருபது வருஷமா கொடி போடுறேன். எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? சும்மா தையும்மா."

தைத்தேன். அதிகாரிகளுக்கு வரவேற்பு விழா அன்று காலையில் ஆட்டோ அனுப்பி என்னை மண்டபத்துக்கு வரவழைத்தார். தொங்கிய கொடியில் சிங்கம் காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. வந்திருந்த ஜெர்மன்காரரிடம் என்னைக் கைகாட்டி, படிக்காத பொம்பளை, தப்பாகத் தைத்துவிட்டாள் என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும்.

அங்கேயே உட்கார்ந்து கேடயத்தைப் பிரித்து, திருப்பி வைத்து, கையால் தைத்தேன். முதலாளி அந்தக் கொடிக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதம்மா."

"வரலை சார். நான் முன்னாடியே சொன்னேன்னு அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லவில்லை. அந்த போட்டோ இன்னும் கடைச் சுவரில் இருக்கிறது. அதில் நேராக நிற்பது சிங்கம் மட்டும்தான்.