ஆறு மணல் வட்டங்கள்

1961ஆம் ஆண்டு ஜூலை பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்திற்கு அது தொடங்கியது. தபால்காரர் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று, அப்பாவுக்கு வந்த அரசாங்க உறையை நீட்டினார். மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் மைதானத்தைப் பார்வையிட வருகிறார். ஆடத்தக்க நிலையில் இருந்தால் அது பொதுமக்களுக்காகத் தொடரும். இல்லையேல் தேக்கு நாற்றங்காலாக மாற்றப்படும். கடிதம் அவ்வளவே. பத்து நாள் முந்தைய தேதியிட்டிருந்தது.

குற்றாலத்திற்கு ஒன்றரை மைல் இப்பால், வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற ஆறு குழி கோல்ஃப் மைதானம் அது. ஊரார் அதைக் குழிப்பந்து என்றார்கள். மலைவாசஸ்தலங்களில் சங்கத்து உறுப்பினர் அல்லாதவர் புல்லின்மேல் கால்வைக்க முடியாது. இங்கே நாலணா கொடுத்தால் மட்டையும் பந்தும் கிடைக்கும். பள்ளி ஆசிரியரும் ரயில் நிலையத்துக் குமாஸ்தாவும் ஆடினார்கள். மூன்றாம் குழிக்கு வாய்க்காலைத் தாண்டி அடிக்க வேண்டும். அதற்குள் செங்கோட்டைக் கணவாயின் காற்று பந்தை இடப்புறம் தள்ளிவிடும். அதை அறிந்து வலப்புறம் பார்த்து அடிப்பவரே ஆட்டக்காரர். குழிகளைச் சுற்றிப் புல் கிடையாது. எண்ணெய் கலந்து உருளையால் அழுத்திய மணல் வட்டம் மட்டுமே. பந்து அதன்மேல் ஓசையின்றி உருளும்.

அப்பா அதன் காவலர். மைதானம் போனால் வேலை போகும்; அதன் ஓரத்திலிருந்த எங்கள் வீடு போகும்; கல்லூரியில் என் இரண்டாம் ஆண்டும் போகும்.

சாரலில் புல் கணுக்கால் மறைய வளர்ந்திருந்தது. புல்வெட்டும் வண்டியின் அச்சு முறிந்திருந்தது. அப்பா அச்சைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார்.

“ஏட்டி, தென்காசிப் பட்டறையில இத ஒட்ட வச்சுக்கிட்டு வாரேன். நேரமாயிட்டுன்னா காலைல முதல் பஸ்ஸுல வந்துருவேன். போற வழியில ஆட்டுக்காரர வரச் சொல்லுதேன். ஆடு மேஞ்சாலாவது புல்லு மட்டமாவும். நீ கதவச் சாத்திக்கோ.”

அம்மா இலத்தூரில் தாய்மாமன் வீட்டில் இருந்தார். நான் தனியே இருந்தேன். ஐந்து மணிக்கு ஆட்டுக்காரர் இருநூறு ஆடுகளோடு வந்தார். நெடுநாள் பக்கத்து வயல்களில் ஆடு மேய்ப்பவர். என்றாலும் அவரோடு நான் அதுவரை பேசியதில்லை. ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“தாயி, புல்லு நல்லாக் கெடக்கு. சும்மா மேய்ச்சிட்டுப் போனா நல்லாருக்குமா? ராத்திரி கிடை போட்டுத் தாரேன். துட்டு வேண்டாம்.”

ஆடுகளை ஓரிடத்தில் இரவு முழுவதும் அடைத்து, அவற்றின் புழுக்கையாலும் மூத்திரத்தாலும் நிலத்துக்கு உரமேற்றுவது கிடை. நடவுக்காலத்தில் அதற்காக வயல்காரர்கள் அவரைத் தேடி அலைவார்கள். தானாக வரும் கிடையை மறுப்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு.

“சரி,” என்றேன்.

“எங்கன போட?”

கிழக்கு மூலையில் புல் மெலிந்த பாறைச்சரிவு ஒன்று இருந்தது. அதைத்தான் நினைத்தேன். சொன்னது வேறு: “எங்கே தேவையோ அங்கே.” வெளியே வந்து கைநீட்டிக் காட்டியிருக்கலாம்; ஐம்பது அடி தூரம். ஒரு வாக்கியம் போதும் என்று கருதிக் கதவைச் சாத்தினேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்தபோது புல் சீராகவே மேயப்பட்டிருந்தது. அதன் நடுவே ஆறு வட்டங்களும் கறுத்த சேறாகக் கிடந்தன. ஆட்டுக்காரர் மந்தையை ஆறாகப் பிரித்து, மைதானத்தில் புல்லே முளைக்காத ஆறு சொட்டை இடங்களுக்கும் உரமேற்றியிருந்தார். குளம்புக் குழிகளில் சாரல் நீர் தேங்கியிருந்தது.

அப்போதுதான் அப்பா அச்சைச் சுமந்தபடி வந்து சேர்ந்தார்.

“என்னவே செஞ்சு வச்சிருக்கீரு! என் குடியக் கெடுத்துட்டீரே!”

“எந்த வயக்காரனும் கிடைக்குக் கெஞ்சுதான். சொட்டையாக் கெடந்த எடத்துக்குச் சும்மா போட்டேன். அதுக்கு ஏச்சா?”

“சொட்டையா? அதுல பந்து உருளணும்வே!”

“யாரு போடச் சொன்னா?” என்று அப்பா கேட்டார். ஆட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “நானாத்தான் போட்டேன்,” என்றார். அப்பா மேலும் ஏசினார். நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களை எந்தச் சொல்லாலும் நியாயப்படுத்த இயலவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தேன். அதிகாரிகள் வழக்கமாகத் தங்கும் பங்களாவில், ஐயா அருவிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பேரருவியில் ஆண்கள் பக்கத்துப் பாதையோரம், டவாலி அணிந்த சேவகர் ஒருவர் மடித்த துணிகளோடு நின்றார். அவர் அருகே போய் நின்றேன்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார்: “ஏ பிள்ள, பொம்பளையளுக்கு அந்தப் பக்கம்லா!”

“கண்ணு தெரியல போல. ஒரு கண்ணாடி வாங்கிக் குடும்வே!” என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. நான் நகரவில்லை.

அதிகாரி நீர் சொட்ட வந்தார். நடந்ததை வரிசைப்படி சொன்னேன். கிடைக்கு இசைந்தது நான், இடம் காட்டாதது நான், அப்பா ஊரிலேயே இல்லை.

“மணலை மாற்றி அழுத்த எத்தனை நாள் ஆகும்?”

“மூன்று நாள் வெயில் வேண்டும்.”

அவர் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். மேகம் பாதி மலையை மூடியிருந்தது. “இந்த மாசம் வெயிலுக்கு நான் எங்கேம்மா போறது?”

“எனக்கு வந்திருக்கிற உத்தரவு கண்ணால கண்டதை எழுதணும்னுதான். மைதானம் நிற்காது. உங்கப்பா பேர்ல குறை எழுத மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்.”

கைகூப்பிவிட்டுத் திரும்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. அப்பா முதல் வட்டத்தில் மண்வெட்டியால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரர் போகாமல் நின்று கூடையில் அள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“கிடை போடச் சொன்னது நான், அப்பா,” என்றேன். “அவர் எனக்காகப் பொய் சொன்னார்.”

அப்பா நிமிரவில்லை. “பத்து மணிக்குள்ள ரெண்டு வட்டமாவது தேறிட்டா, ஐயா எரங்குவாரு. எங்க போயிருந்த நீ?”

“அருவிப் பக்கம்,” என்றேன். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டாம் வட்டத்தில் குந்தி, மணலில் புதைந்த புழுக்கைகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கத் தொடங்கினேன்.