கார் ஷோரூமின் பின் மேஜை

கார் ஷோரூமில் காரை விற்பது முன்னால் நிற்கிறவர்கள். காசு பண்ணுவது பின்னால் கண்ணாடி அறைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள். அந்த மேஜையில் நான் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். தி.நகரில் ஷோரூம். லோன், இன்ஷூரன்ஸ், கூடுதல் வாரண்டி எல்லாம் என் பொறுப்பு. விளம்பரத்தில் பார்த்த ஒரு விலையை மனசில் வைத்துக்கொண்டு போய், வேறொரு விலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, புதுக் காரில் வீடு வரும் வழியெல்லாம் வாயே திறக்காமல் வந்தவரா நீங்கள்? நானும் உங்கள் கட்சிதான். நான் முதன்முதலில் வாங்கிய ஸ்கூட்டரில் ஒரே ஹெல்மெட்டுக்கு இரண்டு தடவை பணம் கட்டியிருக்கிறேன். அதனால் கூச்சப்படாமல் படியுங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ்

எங்கள் விலைப்பட்டியலில் ஆறாவது வரியாக ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒன்று இருக்கும். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். எதற்கு என்று கேட்டால் சொல்ல எங்களுக்கு ஒரு பதில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்: தொழிற்சாலையிலிருந்து வண்டியை லாரியில் கொண்டுவந்து இறக்கி, துடைத்து, பத்திரமாக வைத்திருந்து கொடுப்பதற்கு. சேர்ந்த புதிதில் அதை நானே நம்பினேன். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் கேட்கவே மாட்டார்கள். கேட்கிற ஐந்து பேருக்கு எங்கள் மேனேஜர் சண்முகராஜ் சார் வந்து, ‘உங்களுக்காக’ என்று சொல்லிப் பாதியாக்குவார். அவர்களும் ஜெயித்த சந்தோஷத்தில் மீதிப் பாதியைக் கட்டுவார்கள்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். அரசாங்க ஆபீஸில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட வந்த கணவர் காரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மாமி பட்டியலை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். ஆறாவது வரியில் விரல் நின்றது. நான் ஒப்பித்தேன். மேனேஜர் வந்து பாதியாக்கினார். மாமி விரலை எடுக்கவில்லை. கணவர் தர்மசங்கடப்பட்டு, போனால் போகிறது என்று முனகினார். அவர் பக்கம் மாமி திரும்பவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் அந்த வரி மொத்தமாகக் காணாமல் போனது. போவதற்குக் காரணம், திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்ற நாலு குடும்பமும் கேட்கிற மாதிரி மாமி நிதானமாகச் சொன்னதுதான்: “நாலு சக்கரம் இருக்குன்னுதானே காரே வாங்கறோம்? இதை யார் தூக்கிண்டு வந்தாளோ அவரைக் கூப்பிடுங்கோ, அவர் கையிலேயே குடுத்துடறேன்.”

முழுப் பணத்தோடு வந்தவர்

அன்வர் பாய்க்கு ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை. வட்டி கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்று வைத்திருப்பவர். பல வருஷம் சேர்த்த பணத்தை வங்கியிலிருந்து அப்படியே மாற்றிவிடத் தயாராக வந்திருந்தார். வாசலில் இருபதாயிரம் தள்ளுபடி என்று பேனர் கட்டியிருந்தோம். அது லோன் எடுப்பவர்களுக்கு மட்டும் என்று நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

உண்மைக் காரணத்தைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. லோன் போட்டால் வங்கியிலிருந்து எங்களுக்குக் கமிஷன் வரும். முழுப் பணம் கொடுப்பவரால் எங்களுக்கு அந்த வரவு கிடையாது. பேருக்கு ஒரு லோன் எடுத்து ஆறு மாசத்தில் அடைத்துவிடுங்கள் என்று சண்முகராஜ் சார் யோசனை சொன்னார். பாய் கோபப்படவில்லை. டீயைக் குடித்து முடித்தார், நன்றி சொன்னார், எழுந்தார். அடுத்த வாரம் கிண்டிப் பக்கம் வேறொரு ஷோரூமில் அதே காரை வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குப் போகும்போது பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இது: “கடன் வாங்குறவருக்குத் தள்ளுபடி, காசு கொடுக்குறவனுக்கு முழு விலை. இப்படி ஒரு போர்டு நான் என் கடையில வச்சா, முதல்ல என்னை உட்கார வச்சு கண் டெஸ்ட் பண்ணுவாங்கம்மா.”

நானூறு ரூபாய்தான் சார்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பிரவீன் என்று ஒரு பையன், அடையாறில் வாடகை வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மனைவி ஆறு மாசக் கர்ப்பம். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாமே என்றுதான் கார். கூடுதல் வாரண்டி, சீட் கவர், கடன் வாங்கியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடனை அடைக்கிற ஒரு பாலிசி, இது மூன்றையும் அவன் கடனுக்குள்ளேயே சேர்த்து, ஐந்து வருஷத் தவணையை ஏழாக்கி நீட்டினேன். மாசம் நானூறு ரூபாய்தான் சார் கூட வரும் என்றேன். பென்சிலால் டிக் அடித்த பதினேழு இடங்களில் கையெழுத்துப் போட்டான். பாலிசி கட்டாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் என்றும் சொல்லவில்லை. அதுதான் எங்கள் சாமர்த்தியம்.

நாலு மாசம் கழித்து வங்கி அறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். குழந்தை பிறந்து, மனைவி வேலையை விட்டாயிற்று. காரை விற்றுக் கடனை முடித்துவிடலாம் என்றால், முன்கூட்டியே முடிப்பதற்கும் ஒரு கட்டணம். சீட் கவருக்குக்கூட ஏழு வருஷ வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாலிசியை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் நானே எழுதிக்கொடுத்தேன்; கொஞ்சம் பணம் திரும்ப வந்தது, முடிக்கும் கட்டணத்தை மட்டும் வங்கி விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு அவன் பேப்பர்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னான்: “தண்ணி கொடுத்து, பேர் சொல்லி, நல்லா பேசினீங்க மேடம். மூஞ்சியக் காட்டியிருந்தா நான் படிச்சுப் பார்த்திருப்பேன்.”

வெள்ளைத் தாள்

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘கொடுத்தே ஆக வேண்டும்’, இன்னொரு பக்கம் ‘வேண்டுமென்றால்’ என்று தமிழில் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவேன். கடைசி வரியில், கடன் முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பார் என்பதையும் எழுதினேன். அந்தத் தொகையைப் பார்த்து இரண்டு பேர் சின்னக் கார் வாங்கினார்கள். ஒருவர் காரே வேண்டாம் என்று போனார். கூடுதல் வாரண்டி விற்பனையில் என் பெயர் முதலிடத்திலிருந்து கடைசிக்கு இறங்கியது.

மூன்றாவது வாரம் சண்முகராஜ் சார் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர். நிறுத்தச் சொன்னார். இதில் ஏதாவது பொய் எழுதியிருந்தால் நிறுத்துகிறேன் என்றேன். தாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்: “கார் விக்கத்தானே உன்ன உட்கார வச்சிருக்கேன் கலா? கண்ணத் திறந்துவிட இங்க என்ன கும்பாபிஷேகமா நடக்குது?”

சோபாவில் ஐந்து மணி நேரம்

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து செல்வி அக்கா வந்தது இதற்கு நடுவில்தான். கரையில் மீன் வாங்கி விற்கிறவர். மகள் தேவி டாக்ஸி ஓட்டுகிறாள், அதுவரை அடுத்தவர் வண்டியில். சொந்த வண்டி எடுக்க லோன் கிடைத்து, முன்பணமும் கட்டியாயிற்று. வண்டியைப் பதிவு செய்ய அனுப்புவதற்கு முன் இன்ஷூரன்ஸ் வேண்டும். எங்கள் கணக்கை விடப் பதினோராயிரம் குறைவாக வெளியில் ஒரு கம்பெனியில் பேசி, தேவி பேப்பரோடு வந்திருந்தாள். எங்களிடம்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவு ஒரு மாசம் தள்ளிப்போகும் என்றார் சண்முகராஜ் சார். தேவி தயங்கினாள். ஒரு மாசம் என்பது அவளுக்கு ஒரு மாசச் சம்பாத்தியம்.

அவளைப் பேசிச் சம்மதிக்க வை என்று என்னிடம் அனுப்பினார்கள். நான் எழுந்து நின்று, மேனேஜர் எதிரிலேயே, இன்ஷூரன்ஸ் எங்கே எடுப்பது என்பது உங்கள் விருப்பம், இங்கேதான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை என்றேன். செல்வி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஷோரூம் நடுவில், பூ ஜாடிக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைச் சோபாவில் போய் உட்கார்ந்தார். காலை பதினொரு மணி. புதுக் கார் எடுக்க வந்தவர்கள் ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் படத்திலும் பின்னால் அக்கா. யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் பதினோராயிரம் கதையைச் சொன்னார். சாயங்காலம் நாலு மணிக்குச் சண்முகராஜ் சார் தேவியின் பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நடுவில் ஒருமுறை அவர் வந்து, வீட்டுக்குப் போங்கம்மா, போன் பண்ணுகிறோம் என்று சொன்னதற்கு அக்கா கொடுத்த பதில்: “காத்தாலயே மீனெல்லாம் வித்து முட்சிட்டேன் நைனா. எனக்கு இன்னா வேலை கீது? குந்திக்கினு இருக்கேன், நீ போய் உன் வேலையப் பாரு.”

எனக்கு வந்த காகிதம்

அடுத்த திங்கட்கிழமை என்னை அழைத்தார்கள். ஈக்காட்டுத்தாங்கல் சர்வீஸ் சென்டரில் போன் எடுக்கிற வேலைக்குப் போகலாம், சம்பளம் குறையும், அல்லது ராஜினாமா. ராஜினாமா என்றேன். என் மேஜையிலேயே தயாராக ஒரு காகிதம் வைத்திருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு முதல் வரியிலிருந்து படித்தேன். இரண்டாம் பக்கத்தில், கடைசி மாசச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி; அதற்குக் கீழே, நிறுவனத்தின் நலனுக்கு எதிராக நடந்துகொண்டேன் என்று இன்னொன்று. இரண்டையும் அடித்தேன். அடித்த இடத்தில் அவர்களையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். அதுவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. சம்பளம் முழுசாக வந்தது.

இப்போது அடையாறில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருக்கிறேன். சம்பளம் முன்னைவிடக் குறைவு. யாரிடமும் பாதி உண்மை சொல்ல வேண்டிய வேலை இல்லை. அன்று நான் பேனாவோடு இரண்டாம் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்த சண்முகராஜ் சார் சொன்னதை மட்டும் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன்: “ஏழு வருஷத்துல இந்த மேஜையில ஒரு ஆளுகூட இப்படி உட்கார்ந்து படிச்சதில்ல கலா.”

ஏழு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்ததில் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: பஸ்ஸில் ‘மகளிருக்குக் கட்டணமில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும், இறங்குகிற வரைக்கும் கண்டக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.