பல் செட்டுக்காரர் கட்டிய தெரு

என் வீட்டுக்காரருக்கு உலகமே ஒரு வாய்தான். சுவரில் காரை பெயர்ந்தால் "சொத்தை விழுந்திருக்கு" என்பார். பஸ்ஸில் ஜன்னல் கம்பி ஒன்று இல்லாவிட்டால், இறங்கும்வரை அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு வருவார். அவர் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பவர். எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. முப்பது வருஷமாக ஊரில் பாதிப் பேருடைய வாய், பிளாஸ்டர் மாவு அச்சாக அந்த அறைக்குள் வந்து போயிருக்கிறது. முகம் மட்டும் அவருக்குத் தெரியாது. கடைத்தெருவில் யாராவது சிரித்தால் என்னை முழங்கையால் இடித்து, "மேல் வரிசை நம்மளுது" என்பார். எனக்கு மானம் போகும்.

ஒவ்வொரு அச்சோடும் டாக்டரிடமிருந்து ஒரு சீட்டு வரும். சீட்டில் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடுகள். நாலு கட்டம். எந்தக் கட்டத்தில் எந்த எண் இருக்கிறதோ அந்தப் பல்லைச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. "இதுவரைக்கும் ஒரு செட்டுகூடத் திரும்பி வந்ததில்ல" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு தெருவைச் செய்ய உட்கார்ந்தது அவருடைய தம்பிக்காக.

என் கொழுந்தன் சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருஷம் ஓட்டியாயிற்று, ஒரு கீறல் கிடையாது. ஒரு மழைநாள் காலையில், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பழைய ஊர் ஒன்றில், கால்வாய் ஓரத்துக் கல் பாவிய தெருவில் வேனை நிறுத்திவிட்டு, மூட்டையோடு ஒரு விடுதிக்குள் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் வேன் தண்ணீருக்குள். விடுதியின் வெள்ளைப் போர்வைகள் எல்லாம் கால்வாய் முழுக்க விரிந்து மிதந்தனவாம். யாருக்கும் அடி இல்லை, புண்ணியம். ஆனால் கம்பெனி, "ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டான்" என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. விசாரணையில் அது நிரூபணமானால் ஓட்டுநர் உரிமம் போய்விடும். வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. சைக்கிளைத் துடைக்கச் சொன்னால்கூட ஸ்டீயரிங்கைத் தேடுகிற ஆள்.

"நான் பிரேக் போட்டேன் அண்ணி. கிர்ருன்னு சத்தம் கேட்டுச்சு. கல்லு வழுக்கி, சக்கரம் சுத்தாமலே வண்டி சறுக்கியிருக்கு. அந்த இடத்துல சரிவு ஜாஸ்தி. தண்ணியப் பார்த்து நின்னா, படிக்கட்டுக்கு இடது பக்கம்." இதையே மூன்று வாரம் சொன்னார். எழுத்து மாறாமல் சொன்னார். நான் நம்பினேன்.

போட்டோ எடுத்துக் காட்டலாம் என்றால், போட்டோவில் சரிவு தெரியவே மாட்டேன் என்கிறது. எல்லாம் சப்பையாக விழுகிறது. அப்போதுதான் இவர், "மாடல் செஞ்சு கொண்டுபோய் மேஜையில வெச்சா யாரு பேசுவா?" என்று எழுந்தார்.

அளக்க நாங்கள் இருவரும்தான் போனோம். தம்பி அந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார். அந்த ஊரில் எது நேர், எது கோணல் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வீடுகளே ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. நடுவில் தண்ணீருக்கு இறங்கும் படிக்கட்டு, அதற்கு இரண்டு பக்கமும் உருண்டைக் கல் பாவிய தெரு. இவர் ரசமட்டத்தின்மேல் மூக்கை வைத்துத் தரையோடு தவழ்ந்தார். விடுதிக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏதாவது தொலைச்சிட்டாரா?" என்று கேட்டாள். "புத்திய" என்றேன்.

இவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என் தொழில். நோட்டு கொண்டுபோக மறந்துவிட்டதால், இவர் சட்டைப்பையில் இருந்த பல் சீட்டிலேயே எழுதினேன். "முப்பத்தொண்ணு" என்றார், எழுதினேன். படிக்கட்டைத் தாண்டிப் போய், "ஒம்பது" என்றார், எழுதினேன். தண்ணீரைப் பார்த்து நின்றபடி, அவர் நின்ற பக்கத்துக் கட்டத்தில் அந்தந்த எண். தெரு தண்ணீர்ப் பக்கம் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்பதுதான் அது. நாலு நாள் கழித்து நகராட்சிக்காரர்கள் அந்தத் தெரு முழுக்கத் தாரை ஊற்றி மட்டமாக்கிவிட்டார்கள். அதன்பிறகு அந்தத் தெரு எங்கள் வீட்டில்தான் இருந்தது.

என்ன சொல்ல, அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் பல் போகவில்லை. இவர் ஒவ்வொரு கல்லையும் அச்சு மாவில் வார்த்து, கத்தியால் சீவி, கடைவாய்ப் பல்லுக்குச் செய்வதுபோல மேலே லேசாகக் குழி போட்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் கற்கள். சாப்பாட்டில் ஒன்று கிடந்தது. மேல்தாடை கீழ்த்தாடை தனித்தனியாகச் செய்கிற பழக்கத்தில், படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை என்று தெருவையும் இரண்டாகவே வார்த்து ஒட்டினார். கடைசியில் தண்ணீர். பழக்க தோஷத்தில் தினமும் ஈறு கலக்குகிற கிண்ணத்திலேயே, உறைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிற ரெசினைக் கலக்கிவிட்டார். முதல் கால்வாய் ஈறு நிறத்தில் ரோஸாக வந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாவது கால்வாய் பச்சையும் பழுப்புமாய் அசல் தண்ணீர். விரலை வைத்தால் நனையுமோ என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். செவ்வாய்க்கிழமை விசாரணை. இவர் மாவில் ஒரு சின்ன வேன் செய்து வைத்திருந்தார். சக்கரம் சுற்றாது. பிரேக் போட்ட வேன். கல்லை நனைத்து, படிக்கட்டுக்கு இடது பக்கம் அதை வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

வேன் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சோப்பு நீரும் ஊற்றினார். அது பாட்டுக்கு நின்றது. படிக்கட்டுக்கு வலது பக்கம் வைத்தால் சர்ரென்று கால்வாய்க்குப் போனது. இடது பக்கம் வைத்தால் கல்லோடு கல்லாக நின்றது.

"அங்க சரிவு இருக்குண்ணே" என்றார் தம்பி.

"ஒம்பது சென்டிமீட்டர். அதுல பிரேக் போட்ட வண்டி சறுக்காதுடா."

"நீ வலது பக்கம் நிறுத்தினியோ?" என்று நான் இடையில் புகுந்தேன்.

"இடதுதான் அண்ணி. விடுதி வாசலே அங்கதான."

வேன் இடது பக்கம் நின்றது நிஜம். இடது பக்கம் சரிவு இல்லை என்பதும் நிஜம். அப்படியானால் பிரேக்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இன்னொரு தடவை சீட்டப் பாருங்க" என்றேன். இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முப்பது வருஷத்துல ஒரு செட்டு திரும்பி வந்திருக்கா? சொல்லு, வந்திருக்கா?"

தம்பி தரையில் உட்கார்ந்து அந்தக் குட்டித் தெருவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணன் அளந்தா தப்பாகாது. அப்ப நான்தான் போடல போலிருக்கு."

"ஏய், கிர்ருன்னு சத்தம் கேட்டுச்சுன்னியே!"

"அது முந்தின கடையில நிறுத்தினப்போ கேட்டதா இருக்கும் அண்ணி. இப்ப யோசிச்சா... மழை. கையில மூட்டை. அவசரம். நான் போடாமலே இறங்கின மாதிரிதான் இருக்கு."

மூன்று வாரமாக எழுத்து மாறாமல் சொன்ன ஆள், பத்து நிமிஷத்தில் தன் நினைவைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணன் செய்ததை மாட்டிக்கொண்டார். தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் தடுக்கவில்லை. "பொய் சொல்லி உரிமத்தக் காப்பாத்தணுமா?" என்று என்னைத்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுதாரோ என்னவோ, தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பல் டாக்டரின் உதவியாளர் போன் செய்தாள். இவர் குளித்துக்கொண்டிருந்தார். "மேல் இடது ரெண்டாவது பல்லு, ஒரு ஷேடு குறைச்சுப் போடச் சொல்லுங்க." நான் ஒரு சீட்டை எடுத்து, மேலே, இடது கட்டத்தில் இரண்டு என்று எழுதி வைத்தேன். இவர் துண்டோடு வந்து பார்த்துவிட்டு, "வலது ரெண்டா?" என்றார்.

"இடதுன்னு சொன்னா."

"வலதுன்னு எழுதியிருக்க."

"கண்ணு தெரியுதா உங்களுக்கு? இடது பக்கந்தான எழுதியிருக்கேன்!"

"அது உன் இடது. நோயாளி நம்மளப் பார்த்து உட்கார்ந்திருப்பாரு. சீட்டுல இந்தப் பக்கம் எழுதினா அவரு வாயில வலது. இதுகூடத் தெரியாதா, இத்தனை வருஷமா..."

அங்கேயே நிறுத்தினார். நானும் நின்றேன். இருவரும் ஒரே நேரத்தில் முன்னறையைப் பார்த்தோம்.

நான் தெருவைத் தெருவாக எழுதியிருந்தேன். இவர் அதை வாயாக வாசித்திருந்தார். முப்பத்தொன்று இடது பக்கம்தான். ஒன்பதுதான் வலது. இத்தனை வருஷமும் சீட்டு எழுதுகிற வேலை இவருடையதோ டாக்டருடையதோதான். நான் எழுதிய முதல் சீட்டே அந்தத் தெருச் சீட்டுதான். என்னைக் கேட்டிருந்தால்? இவர் சொல்லியிருந்தால்? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்தினோம்.

போன் செய்தால் தம்பி எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு விசாரணை. இவர் ரம்பத்தை எடுத்தார். கால்வாயை நடுவில் அறுத்து, இரண்டு பலகைகளையும் பெயர்த்து, இடம் மாற்றி ஒட்டினார். விளக்குக் கம்பத்தைப் பிடுங்கி மறுபக்கம் நட்டார். தண்ணீரின் குறுக்கே பெரிய விரிசல் விழுந்துவிட்டது. அதை அடைக்க நேரமில்லை. மடியில் தெருவை வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ இறங்கி ஏறும்போது ஓட்டுநரிடம், "பார்த்து, பார்த்து, இவருக்குச் சரிவு ஆகாது" என்றேன். இவர் சிரிக்கவில்லை.

தம்பி அலுவலக வராந்தாவில் பெஞ்சில் இருந்தார். கையில் நாலாக மடித்த காகிதம். நல்லவேளை, இன்னும் கொடுக்கவில்லை. இவர் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "டேய், தப்பு என்னுதுடா. மாத்தி வெச்சுட்டேன். நீ சொன்னதுதான் சரி" என்றார். தப்பு என்னுது என்று இவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தம்பி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எது சரிண்ணே?"

"பிரேக் போட்டதுதான்."

"போட்டேனா?"

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். மாடலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "தண்ணியில என்ன விரிசல்?" என்று கேட்டார். "அவசரம் சார்" என்றார் இவர். கல்லை நனைத்து, படிக்கட்டுக்கு இடது பக்கம் வேனை வைத்தார். சர்ரென்று போய்த் தண்ணீரில் இடித்தது. அதிகாரி தானே இரண்டு தடவை செய்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு தம்பியிடம் திரும்பினார்.

"ஒரே கேள்விதான். அன்னிக்கு ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?"

மூன்று நாளுக்கு முன்னால் கேட்டிருந்தால் கேள்வி முடிவதற்குள் பதில் வந்திருக்கும். இப்போது தம்பி காகிதம் இருந்த சட்டைப்பையைத் தொட்டார். சுவரைப் பார்த்தார், மாடலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.

"போட்டேன் சார்" என்றார்.

உரிமம் தப்பியது. வெளியே வந்ததும் இவர் தெருவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். தம்பி என் பக்கத்தில் நடந்து வந்தார். வாசல் படி இறங்கும்போது, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்:

"அண்ணி, நீங்க தலையாட்டினீங்களே. நான் போட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆட்டோ வந்துடுச்சு, ஏறு" என்றேன்.