காலி என்று நான் எழுதிய கழி

மாசி மாதம், காலை 5.10. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பேருந்து கிளம்பியது. கொளவாய் ஏரியின் மேல் பனி படுத்திருந்தது. நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நான் செய்த தப்பைத் திருத்தப் போனேன்.

செய்யூர்ப் பக்கத்து உப்பங்கழி ஒன்றில் இருளர் பெண்கள் வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். எந்த மாதம், எந்த இடத்தில், எது கிடைக்கும் என்று அவர்களும் எங்கள் ஆய்வுக் குழுவும் சேர்ந்து ஒரு வரைபடம் போடுகிறோம். வரைவது என் வேலை. போன கார்த்திகையில் படகில் போய் அளந்தேன். கிழக்கு மூலையில் ஒரு ஆள்கூட இல்லை. ‘காலி’ என்று எழுதினேன். இப்போது அதே மூலையில் வேலி போட்டுப் படகுத்துறை கட்ட ஒரு விடுதிக்காரர் மனு கொடுத்திருக்கிறார். விசாரணைக்கு அதிகாரி மறுநாள் வருகிறார். என் தாளில் காலி என்று இருந்தால் அந்த விடுதிக்காரருக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

திருக்கழுக்குன்றத்தில் மலை அடியில்லாமல் மிதந்தது. உச்சியில் மட்டும் வெளிச்சம். பேருந்தில் பாதிப் பேர் தூக்கம். நானும் தூங்கினேனா, பார்த்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

6.35. மாமல்லபுரம். முப்பது கிலோமீட்டர். டீ பதினைந்து ரூபாய், வெந்நீர் மாதிரி இருந்தது. அங்கிருந்து தெற்கே போகும் வண்டி. ஈ.சி.ஆர். நெடுக ‘கடல் பார்த்த மனை’ என்று பலகைகள். கடலை இவன் அப்பனா வெட்டினான்? பாலாற்றுப் பாலத்தில் மட்டும் கோபம் கொஞ்சம் தணிந்தது. கீழே அகல மணல், நடுவில் நூல் போல நீர், அதில் ஒரு கொக்கு.

8.15. கடைசி நான்கு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

“இன்னா சார், போட்டிங்கா? அது அந்தாண்ட.”

“இல்லப்பா. இருளர் குடியிருப்பாண்ட எறக்கி வுடு.”

“அங்க இன்னா சார் கீது பாக்கறதுக்கு?”

“ஒண்ணும் இல்லன்னுதான் நானும் எழுதித் தொலைச்சேன்” என்றேன். அவன் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டினான்.

கரையில் பச்சையம்மா காத்திருந்தாள். எங்கள் குழுவில் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும். இந்தக் கழியைப் பற்றி நாங்கள் எழுதியதில் பாதி அவள் சொன்னது. கூட அவள் நாத்தனார் குப்பம்மா.

“போட்டு கீட்டு கெடையாது சாரு. எறங்கி வா” என்றாள் பச்சையம்மா.

கிழக்கு மூலைப் பக்கமாக இறங்கினேன். வானமும் நீரும் ஒரே வெள்ளையாக இருந்தன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் பூநாரைகள் நின்றன. பதினோரு பெண்கள் நீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்தார்கள். தலைகள் மட்டும் ஓசையில்லாமல் மிதந்து போயின. ஒவ்வொருத்தியும் பனையோலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்திருந்தாள். இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவும். இறால் துள்ளினால் பிடித்துப் பறியில் போடுவார்கள்.

வாயில் பறி இருக்கும்வரை பேச்சு கிடையாது. நான் கேட்டதற்கெல்லாம் “ம்” என்றுதான் பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் கேட்பதை விட்டேன். காலுக்கடியில் சேறு தயிர் போல இருந்தது, பிறகு மணலாயிற்று, பிறகு சிப்பி. பச்சையம்மா ஓரிடத்தில் நின்று காலால் இரண்டு தரம் மிதிப்பாள். நான் ஜி.பி.எஸ். கருவியில் குறிப்பேன். இப்படி ஒன்பது இடம். மூன்று மணி நேரம் போனது எனக்குத் தெரியவே இல்லை.

11.45. சவுக்கு நிழலில் தாளை விரித்தேன்.

“காலின்னு எழுதினியே, அப்ப தண்ணி எவ்ளோ?” என்று கேட்டாள் பச்சையம்மா.

“தலைக்கு மேல.”

“ரொம்பிக்கினு கெடந்தா நாங்க இன்னாத்துக்கு எறங்கப் போறோம்? அப்ப ஏரி மடையாண்ட நண்டு புடிச்சிக்கினு இருப்போம்.”

குப்பம்மா விடவில்லை. “ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துக்குப் போயி, புள்ளைங்களே இல்லன்னு எழுதினாராம் ஒருத்தரு!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால்தான்.

ஒன்பது இடங்களையும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களோடு எழுதினேன். பச்சையம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இத அழி” என்றாள்.

“எதுக்கு? இது இருந்தாத்தான் அதிகாரி நம்புவார்.”

“அவுருகிட்டேர்ந்து அந்தத் தாளு யார் கைக்குப் போவும், சொல்லு. எவனாவது வலையோட வந்து ஒரே நாள்ல வாரிக்கினு பூடுவான்.”

“அப்ப காலின்னே கெடக்கட்டுமா?” கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. பென்சிலை வாங்கிக் கழியின் விளிம்பு முழுக்க ஒரே கோடாக இழுத்தாள். “இதுக்குள்ள பூராவும் நாங்க தொழில் பண்ற எடம், மாசிலேர்ந்து ஆடி வரைக்கும். அத எழுது. உள்ள எங்க, இன்னான்னு நாளைக்கு நாங்க வாயால சொல்றோம். நம்பலன்னா அவுரு எறங்கிப் பாக்கட்டும்.”

“வேட்டிய மடிச்சிக் கட்டச் சொல்லு” என்றாள் குப்பம்மா.

புதுத் தாளில் அந்தக் கோட்டை வரைந்து, அவள் சொன்னதை எழுதினேன். பதினோரு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ போட்டார்கள். ஒன்பது பெயர் இருந்த தாளைப் பச்சையம்மா பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு கருவியைக் காட்டினாள். ஒவ்வொரு புள்ளிக்கும் அது ‘அழிக்கவா?’ என்று கேட்டது. ஒன்பது முறை ஆம் என்று அழுத்தினேன்.  நான் வரைந்ததில் எனக்கென்று ஒரு நகல்கூட இல்லாமல் திரும்பியது இதுதான் முதல் தடவை.

4 மணிக்கு வண்டி ஏறினேன். உங்களுக்கு வழியும் கட்டணமும் சொல்லிவிட்டேன். அந்த ஒன்பது இடங்களை யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

மறுநாள் சாயங்காலம் பச்சையம்மா போன் செய்தாள். அதிகாரி முழங்கால் வரை இறங்கினாராம். மனுவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தள்ளுபடி செய்யவில்லை, மழைக்காலத்தில் மறுபடி யாராவது படகில் வருவார்கள்.

செங்கல்பட்டில் நான் தினமும் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். பகல் முழுக்க உள்ளே ஆள் இல்லை. அதைக் காலி என்று இதுவரை எவனும் எழுதியதில்லை.