இடப்பக்கத்தில் எழுதிய பெயர்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் கோயில் வாசலில் ஒரு தாள் கொடுப்பார்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலப்பக்கம் மண்ணில் உறங்குகிறவர்கள். அவரவர் வீட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்தால் நிஸ்தோர் சாமியார் எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் படித்து முடிப்பார். எங்கள் சல்ச்சியா கிராமத்தில் யார் தாளை எடுத்தாலும் வலப்பக்கம்தான் நீளம். இளசுகள் எல்லாம் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்ட பிறகு, ஊருக்குள் இருப்பவர்களைவிடக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்கள் அதிகம்.

வெத்தூரியாவின் தாளில் வலப்பக்கம் அப்பா, அம்மா, புருஷன். இடப்பக்கம் ஒரே ஒரு பெயர், ரேலு. அவளுடைய மகன். ஒன்பது வருஷமாக அந்தப் பெயரைக் கோட்டுக்கு வலப்பக்கம் தள்ள ஊரே முயன்று பார்த்தது. முயன்றவர்கள் எல்லோரும் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அவள் இருபத்தேழு வருஷம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவள். வண்டி வரும்போது கேட்டைச் சாத்துவது, போனதும் திறப்பது. பிறகு கேட் தானாகவே சாத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டது. இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்பதும் தண்டவாளத்திலிருந்து முப்பது அடிதான். சிரிக்கத் தெரியாதவள் என்று ஊரில் பெயர். கடந்துபோன எல்லா வண்டிக்கும் கொடி காட்டியவள், ஒன்றில்கூட ஏறி வெளிநாடு போனதில்லை.

ரேலு ஏறினான். அப்போது அவனுக்கு இருபது வயது. க்ரயோவா நகரத்தில் கார் கழுவும் இடத்தில் இரண்டு வருஷம் முதுகு ஒடிய வேலை செய்து, ஐரோப்பா முழுக்க ஒரு மாதம் சுற்ற ரயில் டிக்கெட் வாங்கி வந்தான். கூடவே அவன் உயரத்துக்கு ஒரு முதுகுப்பை.

“ராத்திரி எங்கடா படுப்ப? ஸ்டேஷன்லயா?”

“வீடுகள்லதான்மா. நெட்ல ஒரு இடம் இருக்கு. எழுதிக் கேட்டா சோபா குடுப்பாங்க. சோறும் போடுவாங்க.”

“சும்மாவா? உன் மூஞ்சிக்கா?”

“அதாம்மா முறை. இன்னிக்கு யாரோ எனக்குப் போடுறாங்க. நாளைக்கு நீ யாருக்காவது போடு. சரியாப் போச்சுல்ல.”

பத்து நாள் செய்தி வந்தது. புடாபெஸ்டில் ஒரு கிழவர் உருளைக்கிழங்கு வறுத்துக் கொடுத்தாராம். வியன்னாவில் இரண்டு மாணவிகள் பட்டாணி சூப்பு வைத்தார்களாம், உன் சூப்பு மாதிரி வராதும்மா என்று எழுதியிருந்தான். பதினோராவது நாள் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை.

போலீசில் எழுதிக்கொண்டார்கள். வளர்ந்த பையன், பொண்ணு யாராவது கிடைச்சிருப்பா, வருவான் என்றார்கள். நாற்பது நாள் ஆனபோது பக்கத்து வீட்டு சாஃப்தா, செத்தவர்களுக்கு நாற்பதாம் நாள் ஏற்றும் மெழுகுவர்த்தியும் கையுமாக வந்து நின்றாள். அவள் ஸ்பெயினில் கிழடுகளைக் குளிப்பாட்டிப் பத்து வருஷம் பிழைத்துவிட்டு ஊர் திரும்பியவள். மனசு நல்லது, வாய்தான் ஓயாது. மெழுகுவர்த்தியைப் பார்த்த வெத்தூரியா கதவை அவள் முகத்திலேயே சாத்தினாள்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் முதல் விருந்தாளிகள் வந்தார்கள். சாஃப்தாவின் பழைய போனை வாங்கி, மகன் சொன்ன அதே இடத்தில் இவளும் பெயர் கொடுத்திருந்தாள். போலந்துக்காரப் பெண்கள் இரண்டு பேர். வெத்தூரியா அவர்களுக்குப் புளித்த சூப்பும் சோளக்களியும் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறியும் போட்டாள். ரேலுவின் கட்டிலைக் கொடுத்தாள். அவள் போட்ட கணக்கு எளிமையானது. நான் இங்கே போடுகிறவரை அங்கே யாரோ அவனுக்குப் போடுகிறார்கள். நான் நிறுத்தினால் அவன் தட்டும் காலியாகிவிடும். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்குப் புரிந்தது.

ஒன்பது வருஷத்தில் எத்தனை பேர்! கோழியைப் படமெடுப்பதற்கென்றே வந்தவர்கள்போல் சிலர். ஜப்பான்காரன் ஒருவன் கிணற்றடியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டுப் போனான். கறி சாப்பிடாத ஜெர்மன்காரிக்காக முட்டைக்கோஸைப் பிரித்துப் பிரித்து அரிசி அடைத்துக் கொடுத்தபோது, “புல்லு தின்னவா இவ்வளவு தூரம் வந்தா?” என்று முணுமுணுத்தாள். ஆனாலும் அவளுக்குத்தான் இரண்டு தட்டு அதிகம் வைத்தாள்.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் அவள் வீட்டில் கூடாது. எங்கள் பக்கம் இறந்தவர் பேரைச் சொல்லி ஒரு தட்டு சாப்பாடு கொடுத்தால், வாங்குகிறவர் ‘போக்தாப்ரோஸ்தே’ என்பார். போனவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று பொருள். பேரைச் சொல்லிக் கொடுத்து, வாங்கியவர் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் சாப்பாடு அந்தப் பக்கம் போய்ச் சேரும். யாரும் கொடுக்காத ஆத்மா, அங்கே மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு வெறும் தட்டோடு இருட்டில் உட்கார்ந்திருக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஒருமுறை வெத்தூரியா ஒரு கிண்ணம் செர்ரிப்பழத்தை வேலிக்கு மேலாக நீட்டினாள். சாஃப்தா வாங்கிக்கொண்டு பழக்கதோஷத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். சொல்லி வாய் மூடவில்லை, கிண்ணம் மறுபடி வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

“எவன் செத்துட்டான்னு அந்த வார்த்தையச் சொன்ன?”

“அக்கா, உங்க வீட்டுக்காரரு பேருலன்னு நெனச்சேன். சத்தியமா!”

“அவருக்கு சனிக்கிழம குடுப்பேன். இன்னிக்கு செவ்வாய்.”

“பழத்தக் குடுக்கா. சொன்னதத் திரும்ப எடுத்துக்கிறேன்.”

“உன் வாய எடுத்துக்க மொதல்ல!” செர்ரியைக் கோழிக்குப் போட்டாள். இரண்டு பேரும் மூன்று வாரம் பேசவில்லை. சாஃப்தாவுக்கு அந்த மூன்று வாரமும் ஜெயில்தான்.

ஒன்பதாவது வருஷம், மே மாதம், இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவன் உள்ளூர்க்காரன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் வாயில் பஞ்சை வைத்து, மரபணுச் சோதனைக்கென்று எச்சில் எடுத்துப் போயிருந்தார்கள். அது இப்போதுதான் பொருந்தியிருக்கிறது. இத்தாலியின் வடக்கே ஒரு சின்ன ஊரில் ரயில் பாதையோரம் கிடந்த உடல். பையும் இல்லை, தாளும் இல்லை. பேர் தெரியாததால் நம்பர் போட்டுப் புதைத்துவிட்டார்கள்.

“எப்ப?” என்றாள்.

“அந்த வருஷமேம்மா. ஜூன்லயே.”

“ஜூன்ல என்னிக்கு?”

உள்ளூர்க்காரன் காகிதத்தைப் பார்த்துச் சொன்னான். ரேலு ஊரைவிட்டுப் போன பதினோராவது நாள்.

அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். போலீஸ்காரர்கள் போன பிறகு சாஃப்தா ஓடி வந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் தோளுக்கு மேலாக வெத்தூரியா கேட்டது ஒன்றுதான்.

“அப்ப இந்த ஒம்பது வருஷமும் அவன் என்னடி சாப்பிட்டான்?”

சாஃப்தாவின் அழுகை நின்றுவிட்டது. அவளுக்கும் எங்கள் எல்லோருக்கும் அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். ஊர் ஊராக வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வயிறு நிறையப் போட்டாளே, அதில் ஒரு பருக்கைகூட ரேலுவுக்குப் போகவில்லை. அவன் பேரை அவள் சொல்லவில்லை. யாரையும் சொல்லவிடவும் இல்லை. நாற்பதாம் நாள் வந்த மெழுகுவர்த்தியையும் அவளே திருப்பி அனுப்பினாள். பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்று பிடித்த பிடிவாதமே அவனைப் பட்டினி போட்டுவிட்டது.

மறுநாள் காலை சாமியார் வீட்டுக்குப் போனாள். நிஸ்தோர் சாமியார் தக்காளிச் செடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்.

“சாமி, போட்ட சோத்த இப்ப அவன் பேருல மாத்த முடியுமா?”

“எந்தச் சோத்தம்மா?”

“வந்தவங்களுக்குப் போட்டது. எல்லார் பேரும் நோட்டுல இருக்கு. அவங்களே கைப்பட எழுதிட்டுப் போனது.”

சாமியார் மண்கையைத் துடைத்துக்கொண்டார். மூன்று ஊருக்கு ஒரே சாமியார், அவருக்கு எதையும் சுற்றிவளைத்துப் பேச நேரம் கிடையாது. “குடுக்கும்போது பேர் சொல்லணும்மா. இது பேங்கு இல்ல, அப்புறமா மாத்தி எழுதறதுக்கு.”

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். “நீ என்ன மனசோட போட்டன்னு கடவுளுக்குத் தெரியும்மா,” என்றார்.

“கடவுளுக்குத் தெரியும் சாமி. கடவுளுக்குப் பசிக்கலயே.”

இத்தாலியிலிருந்து எலும்பு வர மாதக்கணக்காகும் என்றார்கள். காத்திருக்காமல் அந்த வாரமே ஊருக்குச் சாப்பாடு போட்டாள். தட்டும் துண்டும் மெழுகுவர்த்தியும் வைத்து, ரேலு பேரைச் சொல்லி முப்பது பேருக்குக் கொடுத்தாள். முப்பது பேரும் அந்த வார்த்தையைச் சொல்லி வாங்கினார்கள். நல்லபடியாக நடந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. அவளுக்கு மட்டும் போதவில்லை. முப்பது தட்டு ஒரு மாதத்துக்குக் காணும். ஒன்பது வருஷத்துக்கு எப்படிக் காணும்?

இந்த அமளியில் ஒன்றை மறந்துவிட்டாள். ஏப்ரலிலேயே ஒரு ஸ்பெயின் பையன் எழுதிக் கேட்டிருந்தான், வா என்று பதில் போட்டிருந்தாள். சாப்பாடு போட்ட மறுநாள் மத்தியானம், ஒன்றேகால் வண்டியிலிருந்து அவன் இறங்கினான். இகேர் என்று பெயர். இருபது, இருபத்தொன்று இருக்கும். முதுகில் பை, உதட்டில் சிரிப்பு. கறுப்புத் துணி கட்டிய வாசற்படியைப் பார்த்தும் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாஃப்தா அவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் வெத்தூரியா வெளியே வந்து அவன் பையை வாங்கிவிட்டாள்.

உட்கார வைத்தாள். சூப்பை ஊற்றினாள். பையன் வயிற்றைத் தட்டிக் காட்டி என்னவோ சொன்னான்.

“வண்டியிலயே சாப்பிட்டுட்டானாம்க்கா. பெரிய ரொட்டியாம். அப்புறமாச் சாப்பிடறேங்கறான்.”

“கொஞ்சமே கொஞ்சம்னு சொல்லு. ரேலு பேருலன்னு சொல்லு. அந்த வார்த்தையச் சொல்லிக்குடு.”

சாஃப்தா ஸ்பானிஷில் எடுத்துச் சொன்னாள். பையனின் சிரிப்பு போய்விட்டது. நல்ல வீட்டுப் பிள்ளை. நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த நீள வார்த்தையை உடைத்து உடைத்துச் சொல்லிவிட்டு, தட்டைக் காலி செய்தான். தட்டு கீழே இறங்கவில்லை, அடுத்த அகப்பை விழுந்தது. அதையும் வார்த்தையைச் சொல்லிச் சாப்பிட்டான். பிறகு களி. பிறகு முட்டைக்கோஸ் சுருட்டல் நான்கு. மறுபடி சூப்பு. அவன் நெற்றி வேர்த்தது. சாஃப்தாவைப் பார்த்தான்.

“போதும்க்கா. புள்ள வயிறு வெடிச்சிரும்.”

“இது அவனுக்கு இல்லடி.”

“தெரியும்க்கா. ஆனா வயிறு அவனோடதுதான?”

வெத்தூரியா காதில் வாங்கவில்லை. கரண்டியோடு நின்றுகொண்டு பையனின் வாயையே பார்த்தாள். அவன் விழுங்கும்போதெல்லாம் அவளும் விழுங்கினாள். ஐந்தாவது தட்டில் அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பாதியில் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினான். பிளம் மரத்தைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டது அத்தனையும் வெளியே வர வாந்தி எடுத்தான். கோழிகள் ஓடி வந்தன.

வெத்தூரியா படியில் நின்றாள். முகம் வெளுத்துப் போயிற்று.

“சாஃப்தா, இப்ப அது அவனுக்குச் சேந்துச்சா, சேரலையா?”

ஊரில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் சாஃப்தா படியிறங்கி ஓடினாள். போய்ப் பையனின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

வெத்தூரியா உள்ளே போனாள். தட்டைக் கழுவினாள். அடுப்பில் மிச்சமிருந்த சூப்பை அதில் ஊற்றி, பையன் திரும்பி வரட்டும் என்று அவன் இடத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள்.