பாதியில் நின்ற ஒப்பாரி

எங்கள் அண்ணன் பிறந்தது கயத்தாறு பக்கம் ஒரு கரிசல் கிராமம். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். நான் நாலாம் வகுப்போடு கோவில்பட்டிக்கு வந்து, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி, இன்று சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். யார் தயவிலும் வந்தவன் இல்லை. அண்ணன் வில்லைப் பிடித்தார். கோயில் கொடை விழா தவறாமல் வில்லுப்பாட்டு. கொடை இல்லாத மாதங்களில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரிப்பார். அந்த டேப்ரிக்கார்டர் நான் வாங்கிக் கொடுத்தது. கடையிலேயே உசத்தி அதுதான்.

தாலாட்டு, களையெடுப்புப் பாட்டு எல்லாம் கிடைத்தன. ஒப்பாரி மட்டும் கிடைக்கவில்லை. சாவு விழாத இடத்தில் பாடினால் ஆகாது என்று பெண்கள் மறுத்துவிடுவார்கள். சாவு வீட்டில் போய் டேப்பை நீட்ட அண்ணனுக்கு மனம் வராது. கடைசியில் எப்போதும்வென்றான் ஊரில் ஒப்பாரி பாடும் சண்முகத்தாய் அம்மாளிடம், "நானே பொணமாப் படுத்துக்கிடுதேன், பாடுங்க" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்துவிட்டார். வீட்டில் வைத்தால் ஆகாது என்று, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த என் ஆபீஸைத் திறந்துகொண்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பக்கம் வந்த எனக்கு உள்ளே ஒப்பாரி கேட்டது. தீப்பெட்டி முதலாளிக்கு அப்போது என்ன தோன்றும்? தீயில் யாரோ போய்விட்டார்கள் என்று ஓடினேன். வெள்ளைத் துணிக்குள் அண்ணன். அலறிவிட்டேன்.

துணி விலகியது. "ஏலே, கத்தாத. டேப் ஓடுது."

"தொழில் நடக்குற எடத்துல இதென்ன வெளையாட்டு? எந்திரிங்க, வெளிய போங்க!"

அம்மாள் எழுந்து முந்தானையை உதறினார். "பாதியில நிறுத்தப்பிடாது மொதலாளி. இனி நிறுத்துனவரு வந்து கூப்பிட்டாத்தான் மீதியப் பாடுவேன்."

அதன்பின் அண்ணன் பல தடவை கேட்டார். "ஒரு எட்டு போய்க் கூப்பிடுலே. கார்லதான போற, கால் தேஞ்சா போயிரும்?" நான் போகவில்லை. முதலாளி போய் நிற்பதா என்று இருந்துவிட்டேன். அண்ணனுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது பெரிய டாக்டர்களிடம் காட்டினேன். செலவுக்குக் குறை வைக்கவில்லை. கேட்டது அது ஒன்றுதான். அதைச் செய்யவில்லை.

போன வருஷம் அண்ணன் காலமான அன்று காலையில் நானே போய் சண்முகத்தாய் அம்மாள் வாசலில் நின்றேன்.

"இப்பந்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்றார் அம்மாள். செருப்பைக்கூடப் போடாமல் வந்து காரில் ஏறினார். முதலிலிருந்து பாடவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தார். அண்ணன் மகள் செல்போனில் பிடித்து வைத்திருக்கிறாள்.

அந்த அம்மாளுக்கும், கூட நின்ற சொந்தபந்தங்களுக்கும், வில்லோடு வந்து மரியாதை செய்த அண்ணனின் குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இரண்டு பாதியையும் இப்போது ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நடுவில் என் சத்தம் கிடக்கிறது. வெட்டிவிடலாமா சித்தப்பா என்று அண்ணன் மகள் கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.