குணாளன் ஊதிய ஒன்பது

ஸ்கூடாய் குணாளன் முப்பது வருடம் சிகரெட் பிடித்தார். அதே முப்பது வருடம் பிடிப்பதில்லை என்றும் சொல்லிவந்தார். சிகரெட் பெட்டி மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டுக்குள் சுருண்டிருக்கும். குப்பை போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் இருபது நிமிடம் ஆகும். ஸ்கூடாயில் அவ்வளவு பொறுப்பாகக் குப்பை போட்ட மனிதர் வேறு யாரும் கிடையாது.

மகள் ஷர்மினிக்குக் குழந்தை பிறந்த அன்றே அவர் மனைவி வாசுகி சட்டம் போட்டுவிட்டார்.

"கிளினிக்ல ஊதுற மிஷின் இருக்குல்ல, அதுல ஆறுக்குக் கீழ காட்டணும். அப்புறம்தான் பேத்திய தொடலாம்."

குணாளன் விட்டார். நிஜமாகவே விட்டார். கிராம்பு கடித்தார், மிட்டாய் மென்றார், பக்கத்து வீட்டுக்காரர் வேப் இழுத்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். நாற்பது நாள் பேத்தியைத் தூரத்து நாற்காலியிலிருந்தே பார்த்தார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிங்கப்பூரில் வேலை முடிந்து, மலேசியாவுக்குத் திரும்பும் ஜொகூர் பாலத்தில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் மோட்டாரில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து, நேரே கிளினிக்குக்கு வந்து ஊதுவார். மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று மிஷின் எண்ணிச் சொல்லும். ஒரு வாரம் எட்டு. மறுவாரம் ஒன்பது. வாழ்நாளில் முதல் தடவையாக உண்மை பேசிய மனிதரை ஒரு மிஷின் பொய்யர் என்றது.

"பாலத்துல வச்சுப் பிடிக்கிறீங்க," என்றார் வாசுகி. "டிராஃபிக் ஜேம்ல யாரு பார்க்கப் போறாங்கன்னு."

"உன் மேல சத்தியமா இல்ல."

"என் மேல பண்ணிப் பண்ணித்தான் எனக்கு முட்டி வலியே வந்துச்சு."

அடுத்த வெள்ளி வாசுகி காவலுக்குக் கிளம்பினார். காலையில் பின்சீட்டில் ஏறி, பகலெல்லாம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு, மாலையில் அதே சீட்டில் திரும்பினார். பாலம் முழுக்க ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கணவரின் கழுத்தோரம் மூக்கை நீட்டியே வந்தார். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை. சிகரெட் வாடையே இல்லை.

கிளினிக்கில் குணாளன் ஊதினார். ஒன்பது.

"மிஷின் ரோசாக் லா தம்பி, கெட்டுப்போச்சு, மாத்துங்க," என்று மருத்துவ உதவியாளர் ஹேமநாதனிடம் வாசுகி சண்டைக்குப் போனார். "நான் கூடவேதான் வந்தேன்."

"அப்ப நீங்க ஊதிப் பாருங்க ஆன்ட்டி. உங்களுக்கு ஒண்ணும் காட்டக்கூடாதுல்ல."

வாசுகி ஊதினார். பத்து.

வரிசையில் இருந்த ஆண்கள் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். குணாளன் குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை நாளா, வாசுகி?"

ஹேமநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எல்லாம் ஜேம் புகை ஆன்ட்டி. லாரி விட்டத நீங்க ரெண்டு பேரும் இழுத்திருக்கீங்க. நாளைக்குக் காலையில மோட்டார் எடுக்காம நடந்து வந்து ஊதுங்க."

"அப்ப அந்த லாரிய யாரு ஊதச் சொல்றது?"

"அது என் கிளினிக் இல்ல ஆன்ட்டி."

வீட்டு வாசலில் ஷர்மினி குழந்தையோடு நின்றாள். வாசுகி கையை நீட்டினார்.

"எவ்வளவும்மா காட்டுச்சு?"

"பத்து. ஆனா அது லாரிப் புகைடி."

"அப்பாவுக்கு நீங்க போட்ட சட்டம்தானேம்மா," என்று ஷர்மினி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

குணாளன் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப்போட்டு, அதைத் துடைத்தும் வைத்தார்.

மறுநாள் காலை இருவரும் நடந்துபோய் ஊதினார்கள். அவருக்கு இரண்டு. வாசுகிக்கு மூன்று. பேத்தி முதலில் தாத்தா மடிக்குத்தான் போனாள்.